ஆப்பில் சுகர் எண் வரவில்லையா, வந்த எண் தப்பா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரு குளுக்கோமீட்டர் அல்லது தோலில் ஒட்டும் சென்சார், போனில் ஒரு ஆப், இணையம், மறுமுனையில் மருத்துவரோ செவிலியரோ பிள்ளைகளோ. இந்தச் சங்கிலி எங்கே அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: எண் இல்லை, அல்லது எண் தப்பு. அதனால் எல்லோரும் முதல் வேலையாக ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில சென்சார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போது ஆப்பை நீக்கிவிட்டால் அதே சென்சாரை மறுபடி சேர்க்க முடியாமல் போகும். மிச்ச நாட்கள் அத்தனையும் வீண்.

கீழே உள்ள தலைப்புகள், போனில் அழைப்பவர்கள் குறையைச் சொல்லும் விதத்திலேயே இருக்கின்றன. உங்கள் குறை எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## "ஆப்பில் எண் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது"

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல். ஆப்போ 110 என்கிறது (இங்கே சுகர் எண்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்). இந்த நேரத்தில் ஆப்பை ஆராயாதீர்கள், விரலைக் குத்திப் பாருங்கள். மீட்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் லோ சுகர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதையே திரும்பச் செய்யுங்கள். 54-க்குக் கீழே போனால் யாரையாவது பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பியவர், விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்ககான் (சுகரை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வீடியோ காலில் மருத்துவரைப் பிடிக்க முயன்று நேரத்தைக் கரைத்தவர்கள் உண்டு.

மறுபக்கம் இன்னும் ஏமாற்றும். வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுத்து இழுத்து வரும் மூச்சு, அசாத்தியச் சோர்வு. டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவருக்கு எண் 250-க்கு மேல் இருந்தால் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு எண் 250-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். அப்போது ஆப்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்காது. "எண் பரவாயில்லையே" என்று வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

## "மீட்டரில் ரீடிங் இருக்கிறது, ஆப்புக்கு வரவில்லை"

அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

முதலில் கேட்க வேண்டியது: இது ஒருநாளாவது வேலை செய்ததா?

ஒருபோதும் வேலை செய்யவில்லை என்றால், மீட்டரைப் போனின் புளூடூத் பட்டியலில் போய்ச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். பல மீட்டர்கள் ஆப்புக்குள்ளிருந்து சேர்த்தால்தான் பேசும். போன் பட்டியலில் "பேர்டு" (சேர்ந்துவிட்டது) என்று காட்டும், ஆனால் ஒரு எண்ணும் வராது. அங்கே அதை "ஃபர்கெட்" கொடுத்து நீக்கிவிட்டு, ஆப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்து சேருங்கள். சில மீட்டர்களின் முதுகில் 6 இலக்க எண் அச்சாகியிருக்கும், ஆப் கேட்கும்போது அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அடுத்து அனுமதி. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, புளூடூத் கருவியைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும். "என் சுகருக்கும் நான் இருக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சந்தேகப்பட்டு மறுத்தவர்கள் நிறைய. சந்தேகம் நியாயமானது, ஆனால் அந்த விதியை வைத்தது ஆண்ட்ராய்டு. 12-லிருந்து இதற்கென்றே "நியர்பை டிவைசஸ்" என்று தனி அனுமதி வந்துவிட்டது. ஐபோனில் ஒவ்வொரு ஆப்புக்கும் புளூடூத் அனுமதி தனித்தனி. ஒருமுறை "வேண்டாம்" என்று அழுத்திவிட்டால் ஆப் மறுபடி கேட்காது, செட்டிங்ஸில் நீங்களே போய்த் திறந்துவிட வேண்டும்.

இத்தனை நாள் வேலை செய்தது, திடீரென்று நின்றுவிட்டது என்றால் வேறு வழியில் தேட வேண்டும்:

1. மீட்டரின் பேட்டரி. சில மீட்டர்கள் பேட்டரி குறைந்ததும் ரத்தப் பரிசோதனையை நடத்திக்கொண்டே, அனுப்பும் வேலையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். எண் தெரிவதால் பேட்டரி மேல் யாருக்கும் சந்தேகம் வராது.
2. மீட்டரிலேயே இருக்கும் ஃப்ளைட் மோட். பயணத்தில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.
3. பழைய போன். மீட்டர் முன்பு சேர்ந்த போன் வீட்டிலேயே, புளூடூத் அணையாமல், பேரப்பிள்ளை கையில் இருக்கிறதா? மீட்டர் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே நீக்கிய பிறகே இங்கே வரும்.
4. அனுமதி தானாகப் பறிபோயிருக்கலாம். ஆண்ட்ராய்டு 11-லிருந்து, சில மாதங்கள் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போனே திரும்ப எடுத்துக்கொள்ளும். மீட்டரில் மட்டும் பார்த்துக்கொண்டு ஆப்பைத் திறக்காமல் இருந்தவர்களுக்கு இது நடக்கும். ஆப்பின் தகவல் பக்கத்தில், பயன்படுத்தாதபோது அனுமதியை நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். புளூடூத் விஷயத்தில் இந்தப் பாட்டி வைத்தியம் உண்மையிலேயே பலிக்கிறது.

## "ரீடிங் வருகிறது, நேரம்தான் தப்பு"

மீட்டரில் பேட்டரி மாற்றியபோது அதன் கடிகாரம் பின்னால் போயிருக்கும். ஆப் அந்த ரீடிங்கை என்றைக்கோ ஒரு தேதியில் கொண்டுபோய்ச் செருகிவிடும், அல்லது வாங்கவே மறுக்கும். நீங்கள் "வரவில்லை" என்பீர்கள், அது போன வருடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எண் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வெறும் வயிற்றில் 180 என்பதும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180 என்பதும் வேறு வேறு சிகிச்சை. கடிகாரம் 12 மணி நேரம் தப்பினால், தொலைவில் இருக்கும் மருத்துவர் கூட்ட வேண்டிய மருந்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கூட்டுவார். மீட்டர் கடிகாரத்தைத் திருத்துங்கள். பழைய ரீடிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல், "இந்தத் தேதி வரை நேரம் நம்பத்தக்கதல்ல" என்று மருத்துவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## "126 இருக்க வேண்டிய இடத்தில் 7 என்கிறது"

அலகு மாறியிருக்கிறது. உலகில் இரண்டு அலகுகள் புழங்குகின்றன: டெசிலிட்டருக்கு மில்லிகிராம், லிட்டருக்கு மில்லிமோல். இரண்டாவதை 18-ஆல் பெருக்கினால் முதலாவது கிடைக்கும். 3.9 என்பது 70, 7.0 என்பது 126, 10.0 என்பது 180. ஆப்பில் நாடு அல்லது மொழியை மாற்றும்போது அலகும் கூடவே மாறிவிடுவதுண்டு.

தானாக வரும் எண்ணைவிடக் கையால் அடிக்கும் எண்ணில்தான் எனக்குப் பயம் அதிகம். மில்லிமோல் மீட்டரில் 12.4 காட்டுகிறது. மில்லிகிராமுக்கு வைத்திருக்கும் ஆப்பில், புள்ளி விட்டுப்போய் 124 என்று ஏறிவிடுகிறது. உண்மையில் அது 223. ஆப் பச்சை நிறத்தில் பாராட்டும், மருத்துவரும் மகிழ்வார். அதேபோல 5.8 என்பது 58 ஆகிவிட்டால், 104 இருப்பவருக்கு லோ சுகர் வைத்தியம் நடக்கும். மீட்டரும் ஆப்பும் ஒரே அலகில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் ஆப்பை மாற்றுங்கள். பல மீட்டர்களில் அலகு தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும்.

## "சென்சார் ஒன்று சொல்கிறது, விரல் ஒன்று சொல்கிறது"

எது பொய் சொல்கிறது என்று கேட்பார்கள். பெரும்பாலும் எதுவும் இல்லை.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அங்கே வந்து சேரச் சுமார் 5 முதல் 15 நிமிடம் ஆகும். சாப்பிட்டவுடன், உடற்பயிற்சி செய்யும்போது, லோ சுகருக்குக் குளுக்கோஸ் எடுத்தபின், இந்த மூன்று நேரத்திலும் இரண்டும் ஒத்துப்போகாது. குளுக்கோஸ் எடுத்துப் பத்து நிமிடம் கழித்தும் சென்சார் 62-இலேயே நின்றால் பதறி இன்னொரு பங்கு எடுக்காதீர்கள், விரலைக் குத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விரல் குத்தும் மீட்டரும் துலாக்கோல் அல்ல. ஐஎஸ்ஓ 15197 என்ற 2013-ஆம் ஆண்டுத் தரவிதி என்ன கேட்கிறது தெரியுமா? 100-க்கு மேல் உள்ள அளவுகளில், 95 சதவீத ரீடிங்குகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேறிய மீட்டர்தான். இதைப் புரிந்துகொண்டால் 184-க்கும் 197-க்கும் நடக்கும் குடும்பச் சண்டை நின்றுவிடும்.

சரியாக ஒப்பிட வேண்டுமென்றால், ஆப்பில் அம்புக்குறி படுக்கையாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் தொட்ட விரலில் எண் தாறுமாறாக ஏறும். ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியையும் பாருங்கள், மூடி திறந்தே கிடந்ததா என்றும் பாருங்கள். இப்படிப் பார்த்தும், மீட்டர் 70-க்கு மேல் காட்டும்போது 20 சதவீதத்துக்கு மேலோ, 70-க்குக் கீழ் காட்டும்போது 20 புள்ளிக்கு மேலோ இரண்டு தரம் வித்தியாசம் வந்தால், சென்சாரைச் சந்தேகிக்கலாம். நிறுவனத்தை அழைத்து மாற்றுக் கேளுங்கள். நீக்கிய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் வரிசை எண்ணைக் கேட்பார்கள்.

சந்தேகிக்கும் முன் இன்னும் சில:

ஒட்டிய முதல் நாள் சென்சார் தடுமாறும். அந்த 24 மணி நேரத்து எண்ணை வைத்து மருந்தளவை மாற்ற வேண்டாம்.

நள்ளிரவில் சட்டென்று 50-க்கு விழுந்து, சற்று நேரத்தில் தானே 110-க்கு எழுந்துவிட்டதா? அந்தப் பக்கமாகக் கையை அழுத்திப் படுத்திருப்பீர்கள். அழுத்தத்தில் அந்த இடத்து நீரோட்டம் குறைந்து பொய்யான லோ வரும். வரைபடத்தில் செங்குத்தாக ஒரு கிணறு போலத் தெரியும். இதை உண்மை லோ என்று நினைத்து இரவு இன்சுலினைக் குறைத்துவிட்டு, காலையில் 260 பார்த்துத் தவித்தவர்கள் உண்டு.

மாத்திரைகளும் கெடுக்கும். சில ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார்களின் கையேட்டில், நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டலாம் என்று எழுதியிருக்கிறது. டெக்ஸ்காம் ஜி5 என்ற சென்சார் காலத்தில் பாராசிட்டமாலே எண்ணை ஏற்றிக் காட்டியது. ஜி6-இல் அதைச் சரிசெய்து, 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை பரவாயில்லை என்றார்கள். ஹைட்ராக்ஸியூரியா (சில ரத்த நோய்களுக்கும் புற்றுநோய்களுக்கும் தரும் மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சென்சாரை நம்பவே கூடாது. கூடுதலாகக் காட்டும் சென்சார், லோவை மறைக்கும் சென்சார்.

## "ராத்திரி சுகர் விழுந்தது, அலாரம் அடிக்கவே இல்லை"

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். மற்றக் கோளாறுகள் ஒரு ரீடிங்கைத்தான் தின்னும், இது ஆளையே தின்னக்கூடியது.

2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை விட்டது. போனோடு இணைந்த நீரிழிவுக் கருவிகளில், செட்டிங்ஸ் மாற்றம், போன் அப்டேட், புதிதாகச் சேர்த்த புளூடூத் கருவி ஆகியவற்றால் அலாரம் கேட்காமல் போய், கடுமையான லோ, கீட்டோ அமில நிலை (ரத்தத்தில் கீட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறுவது), மரணம் வரை நேர்ந்திருப்பதாக அதில் சொன்னார்கள். நான் அலாரப் புகாரைத் தேடும் வரிசையும் ஏறக்குறைய அதுதான்.

சத்தம் வேறெங்கோ போனதா? இரவில் பாட்டுக் கேட்டுவிட்டுக் காதுக்கருவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருப்பார்கள். அலாரம் அங்கே அடித்திருக்கும். அறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர், வாசலில் நிற்கும் கார் எல்லாமே இதில் குற்றவாளிகள்.

"டூ நாட் டிஸ்டர்ப்" அல்லது "ஃபோகஸ்" தானாக விழுந்ததா? இரவு 10 மணிக்குத் தானே தொடங்கும்படி போன் வாங்கியபோதே யாரோ வைத்திருப்பார்கள். ஐபோனில் "கிரிட்டிக்கல் அலர்ட்ஸ்" அனுமதியும், ஆண்ட்ராய்டில் அந்த ஆப் மட்டும் இதைத் தாண்டி ஒலிக்கும் அனுமதியும் தர வேண்டும்.

போன் ஆப்பைத் தூங்க வைத்ததா? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்தே, அசையாமல் கிடக்கும் போன் பின்னணி ஆப்களை உறங்க வைக்கும். தயாரிப்பாளர்கள் பேட்டரி மிச்சம் பிடிக்க இதை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். மேசையில் இரவெல்லாம் அசையாமல் கிடப்பதுதானே போனின் வேலை! பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு "அன்ரெஸ்ட்ரிக்டட்" கொடுங்கள், "ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியல் இருந்தால் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பவர் சேவிங் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். ஆப்களை மேலே தள்ளித் தள்ளி மூடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

தூரமா? பல சென்சார்களுக்கு எட்டும் தூரம் தடையில்லாத இடத்தில் சுமார் 6 மீட்டர். சுவரும் நம் உடம்பும் தடைதான், உடம்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். கூடத்தில் சார்ஜில் போட்ட போன் படுக்கையறை சென்சாரைக் கேட்காது. "சிக்னல் லாஸ்" என்ற அலாரத்தைத் தொல்லை என்று அணைத்து வைத்திருந்தால், அறுந்ததே தெரியாது. அதை அணைக்காதீர்கள். ஆப் மௌனமாக இருந்தால் சுகர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடைசி எண் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நீங்களே அணைத்தீர்களா? இதை யாரும் முதலில் ஒப்புக்கொள்வதில்லை. மேல் வரம்பை 180-இல் வைத்திருப்பார்கள். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் அது கத்தும். பத்து நாளில் மொத்தமாக வாயடைத்துவிடுவார்கள், அதோடு லோ அலாரமும் போய்விடும். தூங்க விடாத அலாரத்தை அணைப்பது மனித இயல்பு, இதில் திட்ட ஒன்றுமில்லை. மருத்துவரிடம் கேட்டு மேல் வரம்பை 250 போல உயர்த்திக்கொள்ளுங்கள், அல்லது இரவில் அதை மட்டும் அணையுங்கள். லோ அலாரத்தில் கை வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். இப்போது எண் 150 என்றால் மேல் வரம்பை 130-க்கு இறக்குங்கள். போனைப் பூட்டி, இரவில் வைக்கும் அதே இடத்தில், அதே நிலையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். படுக்கையிலிருந்து கேட்டால் சரி. வரம்பைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள். மாதம் ஒருமுறையும், போன் அப்டேட் ஆனபின்பும், புது வாட்ச் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். போனின் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்தி வையுங்கள். புதுப் பதிப்பில் உங்கள் ஆப் ஓடும் என்று அதன் நிறுவனம் சொன்னபின் போட்டுக்கொள்ளலாம்.

## "என் போனில் தெரிகிறது, மகளுக்குத் தெரியவில்லை"

சென்சார் உங்கள் போனோடு பேசுவது புளூடூத்தில், அதற்கு இணையம் தேவையில்லை. உங்கள் போனிலிருந்து மகள் போனுக்குப் போவது இணையத்தில். உங்களுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு உங்கள் டேட்டாவில், அல்லது அவர் போனில், அல்லது நடுவில் உள்ள சர்வரில். சென்சாரைத் தொடாதீர்கள்.

வைஃபை அடையாளம் காட்டுவதை நம்பாமல் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் குறையில்லை என்றால், உங்கள் எண்ணைப் பார்க்க நீங்கள் அனுப்பி அவர் ஏற்ற அழைப்பு எந்த மின்னஞ்சலுக்கு வந்தது என்று கேளுங்கள். ஒருவர் இரண்டு கணக்கு வைத்திருப்பது சகஜம்: ஒன்று போன் எண்ணில், ஒன்று மின்னஞ்சலில். கணக்குத் தொடங்கியபோது தேர்ந்த நாடு வேறாக இருந்தாலும் சில நிறுவனங்களில் ஒருவர் தரவு மற்றவருக்கு எட்டாது.

மருத்துவருக்குத் தெரியவில்லை என்றாலும் இதே வழிதான். ஆனால் அவருக்குத் தெரிகிறது, பதில்தான் வரவில்லை என்பது வேறு கதை. மருத்துவமனைத் திரையில் உங்கள் வரைபடம் போய்ச் சேர்வதால் யாரோ இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. சந்திப்புக்கு முன் திறந்து பார்ப்பார்கள். யார், எந்தக் கிழமை பார்ப்பார்கள், எந்தச் சுகர் எண் வந்தால் நீங்களே அழைக்க வேண்டும், எந்த போன் எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## "இன்சுலின் கணக்குப் போடும் ஆப் சொல்லும் அளவு நம்பும்படி இல்லை"

நம்பாமல் இருப்பதே நல்லது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 46 ஆப்களைச் சோதித்தார்கள். 31 ஆப்கள் பொருத்தமற்ற அளவைச் சொல்லிவிடும் அபாயத்தில் இருந்தன. பத்தில் ஒன்பது, தட்டச்சு செய்த எண் நடக்கக்கூடியதுதானா என்றுகூடப் பார்க்கவில்லை. இன்றைய நிலவரம் ஆப்புக்கு ஆப் மாறும், ஆனால் சோதிக்கும் முறை மாறவில்லை: ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

உணவில் 60 கிராம் மாவுச்சத்து, 10 கிராமுக்கு 1 யூனிட் என்றால் 6 யூனிட். இப்போது சுகர் 200, இலக்கு 120, ஒரு யூனிட் 40 இறக்கும் என்றால் இன்னும் 2. மொத்தம் 8. ஆனால் இரண்டு மணி நேரம் முன் போட்டதில் 3 யூனிட் இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தால், போட வேண்டியது 5. முன்பு போட்டதை ஆப்பில் பதியாமல் விட்டால் அது 8 என்றே சொல்லும். ஆப் தரும் அளவு கூடுதலாகப் பட்டால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள், பிறகு அலகு, பிறகு யாராவது மாற்றிவிட்ட விகிதங்கள். இங்கே உள்ளவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் விகிதத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

## "கால் புண்ணைப் படமெடுத்து அனுப்பினேன், ஒன்றும் புரியவில்லை என்கிறார்"

பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிட்டு எடுங்கள். புண் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய படத்தை அந்த ஃபில்டர் வெளுத்துத் தந்துவிடும். முழுப் பாதம் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, விரலிடுக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள், அடுத்த வாரம் ஒப்பிட அது வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கேமராவுக்குச் சூடு தெரியாது, நாற்றம் தெரியாது, மரத்துப்போனது தெரியாது, நாடி தெரியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால், புண்ணே இல்லாவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், அன்றைக்கே நேரில் காட்டுங்கள். எலும்பு உள்ளுக்குள் நொறுங்கும் சார்க்கோ பாதம் அப்படித்தான் தொடங்கும். கறுத்த தோல், சீழ், காய்ச்சல் என்றாலும் படமெடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

## "பாடம், வீடியோ, நினைவூட்டல் எல்லாம் வருகிறது. சுகர் மட்டும் இறங்கவில்லை"

ஆப் சரியாக இருக்கிறது, கற்றல்தான் எங்கோ சிக்கியிருக்கிறது. "பார்த்தேன்" என்று நீல டிக் விழுந்தால் புரிந்துவிட்டது என்று அனுப்புபவர் நினைத்துக்கொள்கிறார். படித்ததை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வாய்ஸ் மெசேஜாகத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், எது உள்ளே போகவில்லை என்று.

ரீடிங்கையும் ஜோடியாக எடுங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. தினமும் காலை ஒன்று மட்டும் அனுப்பினால், எந்த வேளை ஏற்றுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்சுலின் போடுபவர் என்றால், அடுத்த வீடியோ காலில் செவிலியர் எதிரே ஊசி போட்டுக் காட்டுங்கள். போன் மூலம் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுவென்று நினைக்கிறேன். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கட்டியாகியிருக்கும். அங்கே வலிக்காது என்பதால் அங்கேயே போடத் தோன்றும், ஆனால் மருந்து ஏறாது. பேனாவை அழுத்தி 10 எண்ணும் முன் உருவிவிடுவதும் உண்டு. இதெல்லாம் எந்த வரைபடத்திலும் தெரியாது. ஒரு எச்சரிக்கை: கட்டியை விட்டு வேறு இடத்துக்கு மாறினால் அதே அளவு திடீரென்று நன்றாக வேலை செய்து லோ வரலாம். அளவைக் கேட்டுக்கொண்டு மாறுங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் வீடியோ எதுவானாலும், சொல்பவர் எத்தனை பட்டம் போட்டிருந்தாலும், அந்த இடத்தில் மூடிவிடுங்கள். டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும்.

## "ஆப் 7 என்கிறது, லேப் 8 என்கிறது"

லேப் தருவது எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனையின் எண். ஆப் காட்டுவது அது அல்ல, ஜிஎம்ஐ. சென்சாரின் சராசரியை 0.02392-ஆல் பெருக்கி 3.31 கூட்டிப் போடும் மதிப்பீடு. சராசரி 154 என்றால் 7.0 வரும். 14 நாள் தரவு, அதில் 70 சதவீத நேரமாவது சென்சார் ஓடியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. லேப் எண் இரண்டு மூன்று மாதத்துக் கதை. இரும்புச்சத்துக் குறைவு அதை ஏற்றிக் காட்டும், ரத்தம் ஏற்றியிருந்தால் இறங்கிக் காட்டும். இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றை மறைக்காதீர்கள்.

## "வாட்சிலேயே ஊசியில்லாமல் சுகர் பார்க்கலாம் என்று வாங்கினேன், எண் ஒட்டவில்லை"

ஒட்டாது. தோலைத் துளைக்காமல் தானே சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளிப்படையாகச் சொன்னது. சென்சாரின் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் வாட்ச் வேறு, அது சரி.

## "புது போன் வாங்கினேன், எல்லாம் போயிற்று"

போகாமல் இருக்க ஒரு வரிசை உண்டு. ஆப்பின் இணக்கப் பட்டியலில் புது போன் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பழைய போனில் எந்த மின்னஞ்சலில் நுழைந்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள், கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று வெளியே வந்து நுழைந்து பாருங்கள். தரவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யுங்கள். ஒரு சென்சார் முடிந்து அடுத்தது ஒட்டும் நாளில் மாறினால் சிக்கலே இல்லை. புதியதில் எண் ஓடத் தொடங்கியபின், அனுமதிகளையும் அலாரத்தையும் முன்பு சொன்னபடி ஒரு சுற்றுச் சோதித்துவிட்டு, பழைய போனிலிருந்து மீட்டரையும் ஆப்பையும் நீக்குங்கள். அதுவரை பழைய போனை யாருக்கும் கொடுக்காதீர்கள்.